வாழைப்பூக் கறை

போன வாரம் நம்மில் ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். ஏதோ பழைய கார்க் கண்காட்சியில் எடுத்தது. பச்சை நிறம், கூரை இல்லாத இரண்டு சீட் வண்டி, நீண்ட மூக்கு, சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி வைத்த சக்கரங்கள். "ஆஹா, அந்தக் காலம்!" என்று நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பூச்செண்டு போட்டீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ஏன் என்று ஒருவர் தனியாகக் கேட்டுவிட்டார். படத்தைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எழுபதைத் தாண்டியும் ஒரு வண்டியைப் பார்த்துக் கூனிக்குறுகுகிற கிழவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களுக்குத் தெரியாமல் என்ன, சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நாங்கள் கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா வெள்ளைக்காரர்களின் ராணுவ முகாம் ஒன்றில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. அவருடைய துரை ஊருக்குக் கப்பலேறும்போது, யாரும் வாங்க முன்வராத தன் பழைய வண்டியின் சாவியை அப்பா கையில் வைத்து, "நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார். முகாம் லாரி ஒன்று அதைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் பின் சந்தில் விட்டது. அன்று அப்பா லாரியில் உட்காரவில்லை. ஓடாத வண்டியில் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, தானே ஓட்டி வருகிற தோரணையில் வந்து இறங்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

பின் சந்தில் ஒரு பால்காரர் இரண்டு மாடு கட்டியிருந்தார். வண்டியின் இத்துப்போன தோல் சீட், பெட்ரோல், சாணம், வைக்கோல் எல்லாம் கலந்து ஒரு வாடை வரும். மழை பெய்தால் சீட்டின் கிழிசலில் தண்ணீர் தேங்கும். கன்றுக்குட்டி தலையை நீட்டி அதைக் குடிக்கும்.

சனிக்கிழமை தோறும் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியின் மூடியைத் திறப்பார். உள்ளே பார்ப்பார். துடைப்பார். மூடுவார். அவருக்குத் துடைக்க மட்டும்தான் தெரியும் என்று கண்டுபிடித்தது அக்கா. அவளுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் முடித்து, மாப்பிள்ளை வரட்டும் என்று வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். அம்மாவின் தையல் மெஷின் நின்றுபோனால் பிரித்துப்போட்டு மறுபடி ஓட வைப்பவள் அவள்தான். ஒருநாள் துணி வாளியோடு வண்டியைக் கடந்து போனவள் நின்று, "அப்பா, அந்த வயரு எங்கயோ போயி மாட்டணும், சும்மா தொங்குது பாருங்க" என்றாள். அதிலிருந்து ஆரம்பித்தது.

வண்டியோடு வந்த புத்தகத்தில் படங்கள் இருந்தன. மாலை முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒரு பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவாள். வயசுப்பெண்ணின் கால் இரண்டும் சந்தில் நீட்டிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். வண்டியைச் சுற்றிக் கொடி கட்டி, துவைத்த புடவைகளைக் காயப்போட்டு மறைப்பாள். அழுக்கே இல்லாத புடவைகள் அந்த வருடம் எத்தனை தடவை துவைக்கப்பட்டன என்று எனக்குத்தான் தெரியும்.

புடவைகளுக்கு உள்ளே அப்பா அக்காவிடம், "நீ என் வலது கையிம்மா" என்பார். புடவைகளுக்கு வெளியே யாராவது வந்து நின்றால், சுத்தமாக இருக்கிற ஸ்பேனரை எடுத்து இன்னொரு தடவை துடைத்துக்கொண்டே, "கார்புரேட்டர்லதான் கோளாறு. விடமாட்டேன்" என்பார். அக்கா உள்ளே மூச்சுக் காட்டாமல் படுத்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அப்போது அது எங்கள் வீட்டு விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

பெண் பார்க்க வந்தார்கள். தேக்கா மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை வாட்டசாட்டமாக, அதிகம் பேசாதவராக இருந்தார். அக்கா காப்பி கொண்டுவந்து நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா அவள் விரல்களைப் பார்த்துவிட்டார். எவ்வளவு சோப்பு போட்டும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

"என்னம்மா கையெல்லாம் இப்படிக் கறுத்துக் கெடக்கு?" என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "வாழைப்பூ ஆஞ்சா. அவ அப்பாவுக்கு வாரத்துல ரெண்டு நாளு வாழைப்பூ வடை வேணும். இவ ஆஞ்சாத்தான் அவருக்குத் திருப்தி."

மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்துபோனது. "இந்தக் காலத்துப் பொண்ணுங்க எங்க வாழைப்பூவைத் தொடுதுங்க? கறை ஒட்டும்னு ஓடுதுங்க லா. இவ நம்ம வீட்டுக்கு ஏத்தவ" என்றார். அந்த இடத்திலேயே தட்டு மாற்றப் பேசிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் அக்காவின் விரல்களை இன்னொரு தடவை பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அன்றிரவு அம்மா வாழைப்பூவே வாங்காத எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வாழைப்பூ வாங்கிவரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினாள். சொன்ன பொய்க்குக் கொஞ்சமாவது உடம்பு கொடுக்க வேண்டுமே.

அன்று கிளம்புகிற சமயம் மாப்பிள்ளை வீட்டார் பின்பக்கமாக இறங்கிப் போனார்கள். வண்டி கண்ணில் பட்டது. "அட, தொறந்த காரு!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "மாப்பிள்ளை அழைப்புக்கு இப்படி ஒண்ணு கெடைச்சா என்னமா இருக்கும்."

அவர் பேச்சுக்குத்தான் சொன்னார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மேளத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். கூரையில்லாத கார் என்றால் ஊர் முழுக்க மாப்பிள்ளை முகம் தெரியும். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கெடைக்கறது என்ன சம்பந்தி, இதுலயேதான் வருவாரு. நானே என் கையால ரெடி பண்றேன்" என்றார். சொன்ன வாக்கு அப்பாவுடையது, கை அக்காவுடையது.

கல்யாணம் வரைக்கும் இருந்த வாரங்களில் நாங்கள் சுங்கை ரோட்டுக்கு நடையாய் நடந்தோம். கால்வாய் ஓரம் சாக்கு விரித்து, ராணுவ பூட்ஸிலிருந்து உடைந்த கடிகாரம் வரை எல்லாம் விற்பார்களே, அந்தத் திருட்டுச் சந்தைதான். நீர் வற்றிய நேரத்தில் கால்வாய் நாறும். வெள்ளைக் கால்சட்டை போட்ட கிராணி அங்கே குனிந்து பேரம் பேசுவதா என்று அப்பா எதிர்ப்பக்கக் காப்பிக்கடையில் உட்கார்ந்துவிடுவார். அக்காவும் நானும் மார்க்கெட் கூடையோடு போவோம். கூடையில் மேலே கீரை, கீழே கழற்றிய இரும்பு.

அங்கே காரின் உதிரிபாகங்கள் மட்டும் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, இருந்தார். பனியனும் நீலக் கால்சட்டையும், காதில் ஒரு பென்சிலும். அக்காவை மலாயில் 'அடிக்' என்று, தங்கச்சி என்கிற உரிமையோடு கூப்பிடுவார். எங்கள் வண்டிக்கான சாமான் அப்படியே கிடைக்காது. வேறு வண்டியில் கழற்றியதை இதற்குப் பொருந்த வைக்க வேண்டும். அக்கா பழைய பாகத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக் கொண்டுவருவாள். தவுக்கே குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கோட்டின்மேல் வைப்பார். பொருந்தாவிட்டால் அவருக்கு முன்பே அக்கா தலையை ஆட்டிவிடுவாள். இஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி ஒரு டாக்சியில் கழற்றியதாக வந்தது. ஒரு விளக்கு ஏதோ வேனுடையது, இன்னொன்று வண்டியோடு வந்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னதாகவே எங்கள் வண்டி கடைசிவரை விழித்துக்கொண்டிருந்தது.

இஞ்சினுக்குப் பெட்ரோலை இழுத்துவிடும் பம்பு மட்டும் அகப்படவே இல்லை. கடைசியில் பெரிய சலூன் கார் ஒன்றிலிருந்து எடுத்ததைத் தவுக்கே காட்டினார். எங்கள் வண்டியில் ஓடாமல் கிடந்த கடிகாரத்தைக் கொடுத்து அக்கா அதை வாங்கிக்கொண்டாள். பழைய பம்பு இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தப் புதுப் பம்போ பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஜாதி. அதனால் அக்கா அதை வண்டியின் பின்னால், சீட்டுக்குப் பின்புறம் இருக்கிற பலகைக்கு அடியில் மாட்டினாள். அப்பா அன்று வேலைக்குப் போயிருந்தார். வந்ததும், "ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுதுப்பா" என்றாள். எங்கே மாட்டினாய் என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம் வரும். பிறகு மெதுவாகி அடங்கும். "அது அடங்கினா பெட்ரோல் போயிடுச்சுன்னு அர்த்தம். இப்ப ஸ்டார்ட் பண்ணலாம்" என்றாள் அக்கா. இஞ்சின் உறுமியபோது மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. புடவைகள் ஆடின. பால்காரர் கன்றைப் பிடித்துக்கொண்டே புடவை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து அக்காவைக் கண்டு கும்பிடு போட்டார். அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை அழைப்பு நாள். வண்டி முழுக்க மல்லிகைச் சரமும் சாமந்தியும். சீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பலகைமேல் பட்டுத் துண்டு விரித்து, மாப்பிள்ளை அதன்மேல் உயரமாக உட்கார்ந்து கால் இரண்டையும் சீட்டில் வைத்துக்கொண்டார். அப்பா பட்டுவேட்டியில் ஸ்டீரிங் பிடித்தார். முன்னால் நாதஸ்வரம், பக்கத்தில் கியாஸ் விளக்குகள். நானும் சின்னப் பிள்ளைகளும் ஓட்டமும் நடையுமாக வந்தோம். சிராங்கூன் ரோட்டில் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கும் கழுத்து நீண்டது.

பாதி வழியில் வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

அப்பா சாவியைத் திருப்பினார். டிக்டிக் வரவில்லை. மேளக்காரர்கள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, நின்ற இடத்திலேயே வாசித்தார்கள். பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. அப்பா இறங்கிப் போய் மூடியைத் திறந்தார். இஞ்சினுக்குப் பக்கத்தில், பழைய பம்பு இருந்த இடத்தைத் தடவினார். அங்கே வெறும் தகரம்தான் இருந்தது. விரலால் அந்த வெறும் இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவியதை நான் பார்த்தேன். பிறகு துண்டை எடுத்து இஞ்சினைத் துடைத்தார்.

"ரெண்டு நிமிஷம். நான் செஞ்ச வண்டி, எனக்குத் தெரியாதா?" என்றார்.

மாப்பிள்ளை இறங்கப் போனார். அவருடைய அம்மா கத்தினார்: "எறங்காதப்பா! மாலை போட்டு ஏறுனவன் நடுவழியில எறங்கக் கூடாது, அபசகுனம்!" மாப்பிள்ளை பலகைமேலேயே திரும்ப உட்கார்ந்தார்.

கூட்டத்திலிருந்த பால்காரர் அப்பாவிடம் நெருங்கி, நல்லெண்ணத்தில்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சார், பெரிய பொண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்க. அதுதானே கை வச்சுது."

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார். அந்த நொடியில் அப்பா 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டியிருந்தாலும் போதும்.

அப்பா சிரித்தார். "யாரு, என் மகளா? அவளுக்கு என்னய்யா தெரியும்? வாழைப்பூ ஆய மட்டுந்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மண்டபத்துக்கு ஓடினேன்.

அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பூ ஜடை பின்னி, கை இரண்டிலும் மருதாணி. நகக்கண் கறுப்பு மருதாணிச் சிவப்பில் மறைந்திருந்தது. அதற்காகவே அம்மா விரல் நுனியெல்லாம் அப்பி வைத்திருந்தாள். நான் காதில் சொன்னதும் அவள் கண் மாறியது.

"சாவி போட்டா டிக்டிக்னு வருதா?"

"வரல."

"அதான்." பாதி எழுந்துவிட்டாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். வாசலில் செருப்பைத் தேடியது அவள் பார்வை.

"எங்கடி எந்திரிக்கிற?" என்று அம்மா பதறினாள்.

அக்கா அம்மாவைக் கவனிக்கவில்லை. "அப்பா என்ன செய்யறாரு? என்னைக் கூப்பிட்டாரா?"

நான் பத்து வயதுப் பிள்ளை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். பால்காரர் சொன்னதையும், அப்பா சொன்னதையும், எல்லோரும் சிரித்ததையும்.

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். கொசுவத்தைச் சரிசெய்து மடிமேல் வைத்தாள். கண்ணாடியைப் பார்த்து, "அப்ப சரி. அவரே பாத்துக்கட்டும்" என்றாள். பூ வைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்வா இருக்கு" என்று ஜடையைக் காட்டினாள்.

நான் திரும்பிப் போனபோது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பட்டுச்சட்டை வியர்வையில் ஒட்ட, "ஏலேலோ" என்று பாடிக்கொண்டே தள்ளினார்கள். மாப்பிள்ளை மேலே உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார், முதன்முதலில் லாரி இழுத்து வந்தபோது உட்கார்ந்திருந்த அதே தோரணையில். இந்தத் தடவை தெரு சிரித்தது. எனக்கு அந்த ஊர்வலத்தோடு சேர்ந்து நடக்கப் பிடிக்கவில்லை. ஒரு துணிக்கடை வாசலில், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. யாரும் எதையும் பெரிதுபடுத்தவில்லை. வண்டி பின் சந்துக்கு வந்து சேர்ந்தது. வாடிய சாமந்திகூடக் கழற்றப்படாமல் அதில் கிடந்தது. சில மாதங்கள் கழித்து அப்பா சுங்கை ரோடு தவுக்கேயை வரச்சொல்லி அதைப் பிரித்து எடுத்துப்போகச் சொன்னார். தவுக்கே பின்பலகையைத் தூக்கினார். பம்பைக் கண்டார். அதன் தலையில் ஸ்பேனரால் லேசாக ஒரு தட்டுத் தட்டி, அப்பாவைச் சாவி போடச் சொன்னார். டிக்டிக்டிக் என்றது. தவுக்கேக்கு ஒரே சந்தோஷம். மாட்டியிருந்த விதத்தைத் தடவிப் பார்த்து, "பாகுஸ், பிரமாதம்! யார் செய்தது?" என்று மலாயில் கேட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் யாரும் அங்கே இல்லை. சந்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

"நான்தான்" என்றார் அப்பா.

தவுக்கே என்னைப் பார்த்தார். நான் கன்றுக்குட்டியைப் பார்த்தேன். அவர் குனிந்து திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். என் அப்பா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர். அதனால்தான் இன்றைக்கும் இது தொண்டையில் நிற்கிறது.

புகுந்த வீட்டில் அக்காவுக்கு என்ன வேலை வந்து சேர்ந்திருக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். காய்கறி வியாபாரக் குடும்பம், வாழைப்பூவுக்குப் பஞ்சமா? விசேஷம் என்றால் கூடை கூடையாக அவள் முன்னால்தான் வரும். "எங்க மருமக ஆஞ்சாத்தான் பூவுக்குள்ள கள்ளன் நரம்பு ஒண்ணு தங்காது" என்று அத்தானின் அம்மா வந்தவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, ஒரு பள்ளி விடுமுறையில், அத்தானின் லாரியில் அக்காவோடும் அவரோடும் கிராஞ்சிக் காய்கறித் தோட்டங்களுக்குப் போனேன். காய் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நல்ல மழை. ஒரு பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் லாரி நின்றுவிட்டது. அத்தான் இறங்கி மூடியைத் திறந்தார், பார்த்தார், கையை விரித்தார். "சீட்லயே இருங்க, கம்பத்துல யாராவது மெக்கானிக் இருப்பான், கூட்டிட்டு வர்றேன்" என்று மழையிலேயே பக்கத்துக் கிராமத்தைப் பார்த்துப் போனார்.

"டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள தண்ணி பூந்திருக்கும்" என்றாள் அக்கா, கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டே.

"அத்தான்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா!"

"எனக்கு என்ன தெரியும்னுதான் அப்பா அப்பவே சொல்லிட்டாரே."

மழை கொஞ்சம் தணிந்தது. பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, பார்க்காமலேயே கிளிப்பை எடுத்தாள். முந்தானையின் காய்ந்த பக்கத்தால் உள்ளே துடைத்தாள். மாட்டினாள். எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட்டு ஏறி உட்கார்ந்து, முந்தானைக் கறையை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டாள்.

அத்தான் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். அவன் மூடியைத் திறந்து இரண்டு வயரை இழுத்துப் பார்த்து, "இப்ப போடுங்க" என்றான். லாரி உடனே உறுமியது. "பாத்தியா, கைராசி!" என்று அத்தான் அவன் முதுகில் தட்டி, வெண்டைக்காய் அள்ளிக் கொடுத்தார்.

ஏறி உட்கார்ந்து கியரை மாற்றும்போது அக்காவின் கையைக் கவனித்துவிட்டார். விரல் நுனியெல்லாம் கறுப்பு. பெண் பார்க்க வந்த அன்று பார்த்த அதே பார்வையோடு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ சந்தேகமோ இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம்தான். சொன்னால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று இன்றைக்கு நான் அடித்துச் சொல்வேன்.

"கையில என்ன?" என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் சொன்னேன். அக்கா திரும்பி, பின்னால் காய்களுக்கு நடுவே சாக்கில் கிடந்த வாழைப்பூக்களை ஒரு தடவை பார்த்தாள்.

"வாழைப்பூ" என்றாள்.

"ஓ" என்றார் அத்தான். சாலையைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார்.